கையெழுத்துப் போடாத ஆட்டக்காரன்

கோவிந்தராஜ்: கோட்டக் கழட்டிட்டு உக்காருங்க தம்பி. இது டாலிகஞ்ச். இந்தத் தீவுப் புழுக்கத்துல கோட்டோட உக்காந்து உங்களுக்கு மயக்கம் வந்தா, அதுக்கும் என் மகன்தான் காரணம்னு உங்க கிளப்பு பேப்பர்ல போடும்.

சந்திரமோகன்: பரவால்லைங்க ஐயா. இது கிளப் கோட்டு. ஆபீஸ் வேலையா போனா போட்டுத்தான் ஆகணும். நெஞ்சுல எங்க சின்னம் இருக்கு பாருங்க.

கோவிந்தராஜ்: பாத்தேன். பூனையா அது?

சந்திரமோகன்: சிறுத்தை.

கோவிந்தராஜ்: அச்சா... போன வருஷம் பதிமூணு டீம்ல பதினொண்ணாவதா வந்த சிறுத்தை.

சந்திரமோகன்: அந்தப் பதினொண்ணாவது எடமும் உங்க பையன் டிஃபென்ஸ்ல நின்னதாலதான் வந்துச்சு. அதுக்குத்தான் காலைல சென்னைல ஃபிளைட் ஏறி வந்திருக்கேன். நந்தகுமார் எங்க?

கோவிந்தராஜ்: இல்ல.

சந்திரமோகன்: இல்லைன்னா?

கோவிந்தராஜ்: கட்சால் தீவுல இருக்கான். அவன் சித்தி வீட்ல.

சந்திரமோகன்: எப்ப திரும்புவாரு?

கோவிந்தராஜ்: அத கப்பல்கிட்ட கேக்கணும். கடல் சரியில்லைன்னா கப்பல் கெளம்பாது. கெளம்பினா சீட்டு கெடைக்காது. சீட்டு கெடைச்சாலும் அவனுக்கு மனசு வரணும். மெயின்லேண்ட்காரங்களுக்கு இதெல்லாம் புரியாது, சோடோ, விடுங்க.

சந்திரமோகன்: வாசல்ல ஃபுட்பால் பூட்ஸ் காயுதே ஐயா. ஈரம் கூடப் போகல.

கோவிந்தராஜ்: அது என்னுது.

சந்திரமோகன்: உங்களுதா? அடியில முள்ளு முள்ளா இருக்கு...

கோவிந்தராஜ்: காய்கறி வாங்கப் போறப்ப போட்டுக்குவேன். இங்க மழை ஜாஸ்தி. வழுக்கும்.

சந்திரமோகன்: சரிதான்... ஐயா, நேரா பேசுவோம். கேம்ப் ஆரம்பிச்சு பன்னெண்டு நாள் ஆச்சு. இருபத்தஞ்சு பேரு வந்தாச்சு. சீசனுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. டிஃபென்ஸ்ல நட்ட நடுவுல ஓட்டை. கோச் தினமும் அந்த ஓட்டையப் பாத்து என்னைத் திட்டுறாரு.

கோவிந்தராஜ்: ஒரே ஒரு ஷரத்த வெட்டுங்க. மறுநாளே அந்த ஓட்டைல வந்து நிப்பான்.

சந்திரமோகன்: எந்த ஷரத்து?

கோவிந்தராஜ்: அடடா, பச்சப்புள்ள! பதினாலாவது ஷரத்து. மூணு வருஷ கான்ட்ராக்ட் போன மாசத்தோட முடிஞ்சுது. முடிஞ்சாலும் அதே சம்பளத்துக்கு இன்னும் ஒரு வருஷம் அவன புடிச்சு வெச்சுக்கலாம்னு நீங்க மட்டும் முடிவு பண்ணலாம். அவன் போறேன்னா போகக்கூடாது. நீங்க போடான்னா அவன் பேசாம போயிரணும். அப்படித்தான எழுதிருக்கு?

சந்திரமோகன்: அப்படித்தான் எழுதிருக்கு. அதுக்குக் கீழ கையெழுத்து போட்டதும் உங்க பையன்தான்.

கோவிந்தராஜ்: இருபத்தி மூணு வயசுல! நாப்பது பக்கம் இங்கிலீஷ குடுத்து, போட்டோக்காரன் காத்துக்கிட்டு இருக்கான், சீக்கிரம் போடுன்னு அவசரப்படுத்துனது யாரு?

சந்திரமோகன்: ...நான்தான்.

கோவிந்தராஜ்: அவன் பேனாவ திருப்பிக் குடுத்தப்ப தோள்ல தட்டி, நாம எல்லாரும் ஒரே குடும்பம்னு சொன்னது?

சந்திரமோகன்: அதுவும் நான்தான். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றது... ஆனா ஐயா, பிடிக்கலைன்னா உக்காந்து பேசணும். இப்படி வீட்ல படுத்துக்கிட்டு ஸ்ட்ரைக் பண்ணா...

கோவிந்தராஜ்: வார்த்தைய அளந்து பேசுங்க! யாரு ஸ்ட்ரைக்? இந்த வீட்ல எவனும் ஸ்ட்ரைக் பண்ணதில்ல. நான் முப்பத்தொரு வருஷம் சர்க்கார் ஆபீஸ்ல இருந்து ஹெட் கிளார்க்கா ரிட்டயர் ஆனவன். சொல்லாம கொள்ளாம ஒரு நாள் நின்னதில்ல. சுனாமிக்கு மறுநாள் கூட போய் ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டேன். ஆபீஸ்ல ஒரு ஆள் கெடையாது. நானே கதவத் திறந்து, நானே ஃபேனப் போட்டு...

சந்திரமோகன்: நீங்களே உங்களுக்கு குட்மார்னிங் சொல்லிக்கிட்டீங்களாக்கும்.

கோவிந்தராஜ்: சிரிங்க, சிரிங்க. மார்க்கெட்ல பழனியாண்டி என்னை நிறுத்திக் கேக்குறான், "என்ன சார், பையன் வேலைக்குப் போகாம வீட்ல உக்காந்திருக்கானாமே"ன்னு. கேக்குறது யாரு? அவன் மகன் மூணு தடவை சஸ்பெண்டு ஆனவன். அவன் என்னைப் பாத்துக் கேக்குறான்!

சந்திரமோகன்: நீங்க என்ன சொன்னீங்க?

கோவிந்தராஜ்: லீவுல வந்திருக்கான்னேன்.

சந்திரமோகன்: லீவு... ம்.

கோவிந்தராஜ்: என்ன ம்?

சந்திரமோகன்: ஒண்ணுமில்லைங்க. டீ நல்லா இருக்கு.

நந்தகுமார்: அப்பா! சிப்பிகாட் வரைக்கும் ஓடிட்டுத் திரும்பிட்டேன். ஒன்னேகால் மணி நேரந்தான்! போன வாரத்துக்கு நாலு நிமிஷம் கம்... ஓ. சாரா?

சந்திரமோகன்: வாங்க நந்தா. கட்சால்ல இருந்து கப்பல்ல வந்தீங்களா, நீச்சலா?

நந்தகுமார்: கட்சாலா?

கோவிந்தராஜ்: போய் மூஞ்சியக் கழுவு.

நந்தகுமார்: இருங்கப்பா. சார், எதுக்கு என் காலையே பாக்குறீங்க?

சந்திரமோகன்: எங்க, ஒரு தடவை உக்காந்து எந்திரிங்க.

நந்தகுமார்: ஒண்ணு போதுமா, பத்து வேணுமா? இந்தாங்க... ரெண்டு... மூணு...

கோவிந்தராஜ்: மாட்டுச் சந்தைக்கு வந்தவரு மாதிரி இருக்கு. வாயத் திறக்கச் சொல்லி பல்லையும் எண்ணிருங்க தம்பி.

சந்திரமோகன்: இடது முட்டில வலி ஏதும் இல்லையே?

நந்தகுமார்: எனக்கு எதுக்கு சார் முட்டி வலிக்கப் போகுது?

கோவிந்தராஜ்: டேய், மூஞ்சியக் கழுவுன்னேன்ல.

சந்திரமோகன்: விடுங்க ஐயா, வேர்வை அழகாத்தான் இருக்கு. நந்தா, கொல்கத்தா கிளப்புல என்ன சொல்றாங்க?

நந்தகுமார்: எந்தக் கொல்கத்தா?

சந்திரமோகன்: நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்? நாங்க விட்டா மறுநாளே தூக்கிக்க காத்துக்கிட்டு இருந்தாங்களே, அந்தக் கொல்கத்தா.

நந்தகுமார்: ...தெனம் பேசிட்டுதான் இருந்தாங்க. செவ்வாய்க்கிழமைல இருந்து போன எடுக்கல.

சந்திரமோகன்: எப்படி எடுப்பாங்க? திங்கக்கிழமையே இதப் படிச்சிருப்பாங்களே. இந்தாங்க, நீங்க ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புனதுதான்.

கோவிந்தராஜ்: இத அவங்களுக்குக் காட்டுனீங்களா? யாரக் கேட்டு?

சந்திரமோகன்: பையன் உடம்பு எப்படின்னு கேட்டாங்க. கையில இருந்தத காட்டினோம். யாருக்கும் காட்டக்கூடாதுன்னு இதுல எழுதலையே ஐயா.

நந்தகுமார்: "இடது முழங்காலில் கடும் வலி காரணமாக, மூன்று வாரம் மருத்துவ விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்"... சார், என்ன இது? இத நான் எழுதல!

சந்திரமோகன்: கீழ உங்க பேரு, கையெழுத்து.

நந்தகுமார்: "பணிவுடன்" நாலு தடவை வருது. நான் என்னைக்காவது உங்ககிட்ட பணிவா பேசிருக்கேனா?

சந்திரமோகன்: அதுல எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. மேல படிங்க.

நந்தகுமார்: "விடுப்புக்கு முன்னும் பின்னும் வரும் ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும்"... க்யா சார் இது! ஞாயித்துக்கிழமைதான நமக்கு மேட்சே!

சந்திரமோகன்: கோச் அந்த எடத்துலதான் நாற்காலிய விட்டு எந்திரிச்சு சிரிச்சாரு. கூட ஒரு எக்ஸ்ரே வேற. எங்க டாக்டர் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, இந்த ஆளு நடக்குறதே பெரிய விஷயம்னாரு. பேரு இருந்த ஓரத்த மட்டும் கத்தரிச்சிருக்கு.

நந்தகுமார்: இது ஃபோர்ஜரி! கொல்கத்தாவ கலைக்க உங்க ஆபீஸ்லயே யாரோ பண்ணிருக்கீங்க.

சந்திரமோகன்: தம்பி, எங்க ஆபீஸ்ல தப்பில்லாம ரெண்டு வரி எழுத ஆள் கெடையாது. இது மூணு பாரா. பொருள், பார்வை, இணைப்புன்னு தனித்தனியா போட்டு, மார்ஜின் விட்டு...

கோவிந்தராஜ்: மார்ஜின் விட்டு எழுதறது ஒரு தப்பா?

சந்திரமோகன்: அழகா இருக்குன்னுதான் சொல்றேன் ஐயா.

நந்தகுமார்: அப்பா, பாருங்கப்பா இவங்க பண்றத! நீங்க ஏதாவது கேளுங்க.

கோவிந்தராஜ்: ...டீ ஆறுது, குடிங்க தம்பி.

சந்திரமோகன்: குடிச்சாச்சு. நந்தா, என் பையில ரெண்டு காகிதம் இருக்கு. ஒண்ணு, முட்டி போன ஆட்டக்காரன விடுவிக்கிறோம்னு. அதோட வெளிய போனா எந்த கிளப்பும் சேத்துக்காது. இன்னொண்ணு புது கான்ட்ராக்ட், மூணு வருஷம். பதினாலாவது ஷரத்து அப்படியே இருக்கும். அதுல கையெழுத்து போட்டா இந்த லெட்டர இங்கயே கிழிச்சுப் போட்டுடறேன்.

நந்தகுமார்: என் முட்டி நல்லா இருக்குன்னு இப்பத்தான பாத்தீங்க!

சந்திரமோகன்: பாத்தேன். அப்ப லெட்டர் பொய். பொய் மெடிக்கல் குடுத்தாருன்னு லீக் கமிட்டிக்கு எழுதினா ஒரு சீசன் உங்கள உக்கார வெச்சுருவாங்க. எந்தப் பக்கம் போனாலும் முட்டும் பாருங்க.

நந்தகுமார்: நான் எழுதலைங்கறேன்!

சந்திரமோகன்: அப்ப யாரு எழுதுனா? பேரச் சொல்லுங்க. அந்த ஆளு நான்தான்னு ஒத்துக்கிட்டா இந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்ல. கொல்கத்தா மறுபடி போன் எடுக்கும். சீசனுக்குள்ள நீங்க வந்து நிக்கணும்னா, எங்களுக்கும் அந்த ஷரத்த வெட்டறதத் தவிர வேற வழி இருக்காது. ஆனா யாரு ஒத்துக்குவாங்க? எல்லாம் கௌரவமான குடும்பம்.

நந்தகுமார்: ஞாயித்துக்கிழமைய சேத்துக்க... பார்வை... இணைப்பு... அப்பா?

கோவிந்தராஜ்: என்ன?

நந்தகுமார்: இந்த மார்ஜின்...

கோவிந்தராஜ்: என்னடா?

நந்தகுமார்: ஒண்ணுமில்லப்பா. சார், பேனா குடுங்க.

சந்திரமோகன்: எதுக்கு?

நந்தகுமார்: லெட்டர் நான்தான் எழுதினேன். புது கான்ட்ராக்ட எடுங்க.

சந்திரமோகன்: இப்பத்தான இல்லைன்னு குதிச்சீங்க?

நந்தகுமார்: மறந்துட்டேன். முட்டி வலி முத்துனா மறதி வருமாம். எங்க போடணும்?

சந்திரமோகன்: ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ, வலது ஓரம். ஐயா, பெரிய மனுஷன் நீங்க... பையன் கையெழுத்து போடறப்ப எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

கோவிந்தராஜ்: பேனாவ கீழ வைடா. வைன்னேன்ல! தம்பி சந்திரமோகன், வெள்ளைத்தாள் ஒண்ணு எடுத்து எழுதுங்க. அந்த லெட்டர எழுதினது நான். இவன் பேர்ல கையெழுத்து போட்டது நான். அந்த எக்ஸ்ரேல இருக்கறது என் முட்டி, அறுபத்தாறு வயசு முட்டி. வேணும்னா வேட்டியத் தூக்கிக் காட்டுறேன், போட்டோ புடிச்சு உங்க டாக்டருக்கு அனுப்புங்க. என் மகன் லீவு சொல்லாம நின்னவன்னு பழனியாண்டி வாயில வரக்கூடாதுன்னு பண்ணேன். இவனுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச உடனே என்ன பண்ணான்னு நீங்களே பாத்தீங்க... என்ன, எழுதாம என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? க. கோவிந்தராஜ், ஹெட் கிளார்க், ஓய்வுன்னு முழுசா எழுதுங்க. இனிஷியல விட்டுராதீங்க. மார்ஜின் விடுங்க. கீழ என் பேர்லயே கையெழுத்து போடுறேன்.