ஆண் ஒன்று, பெண் ஒன்று, காலியிடம் இல்லை

...சரிங்க, எனக்கு முன்னாடி பேசின சார் ஒரு பேப்பரை வச்சுக்கிட்டுப் புள்ளிவிவரம் படிச்சாரு. இத்தனை தொடக்கப்பள்ளி, இத்தனை ஆசிரியர், ஆண் இத்தனை, பெண் இத்தனை, அத்தனை பேரும் தகுதி பெற்றவங்க. நீங்க கை தட்டுனீங்க. நானும் தட்டுனேன், பழக்கதோஷம். ஆனா எனக்கு வயிறு எரியுது. ஏன்னு நேரா சொன்னா மேடையில இருக்கற அதிகாரிங்களுக்குக் கோவம் வரும். அதனால ஒரு சின்னக் கதையா சொல்லிடறேன், கேளுங்க.

மலையடிவாரத்துல ஒரு ஊரு. பேரு வேண்டாம். அங்க ஒரு அரசுத் தொடக்கப்பள்ளி. அஞ்சு வகுப்பு, அம்பத்தி நாலு பிள்ளைங்க, ரெண்டே ரெண்டு ஆசிரியருங்க. தலைமையாசிரியர் சின்னராசு சார். இன்னொருத்தவங்க ஹேமலதா டீச்சர். ஆசிரியர் பயிற்சி முடிச்சு, எம்.எஸ்சி. முடிச்சு, பி.எட். முடிச்சு, தகுதித் தேர்வும் பாஸ் பண்ணவங்க. இதெல்லாம்கூடப் பரவாயில்லைங்க... அவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல தமிழ் டைப் அடிக்கத் தெரியும். அதுதான் அவங்க செஞ்ச தப்பு.

வட்டாரக் கல்வி அலுவலகத்துல டைப் அடிக்க ஆள் இல்ல. அந்த போஸ்ட் காலியாகி வருசக்கணக்காச்சு. அதிகாரி என்ன பண்ணாரு? ஒரு வாரம் வந்து உதவி பண்ணுங்க டீச்சர்னு கூப்பிட்டாரு. ஒரு வாரம்... ஒரு மாசம்... பதினாலு மாசம் ஆயிப்போச்சு. பேரு பள்ளிக்கூடத்துல, ஆளு ஆபீஸ்ல. இந்தச் சட்டையில பட்டன் இல்லைன்னு அந்தச் சட்டையில பிச்சுத் தைக்கற வேலை. ஊர்க்காரங்க கேட்டா, ஆபீஸ் வேலையா போயிருக்காங்கன்னு சொல்லணுமாம். எந்த ஆபீஸ், எப்ப வருவாங்க... சின்னராசு சார் வாயே திறக்கல. அவரும் பாவம், அஞ்சு வகுப்புக்கும் ஒத்தை ஆளா ஓடிக்கிட்டிருந்தாரு.

அந்தப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது படிக்கற பொண்ணு தர்ஷினி. பத்து வயசு. ஒரு நாள் மத்தியானம் வகுப்புல உக்காந்திருக்கும்போதே வயசுக்கு வந்துட்டா. என்ன நடக்குதுன்னே தெரியல அந்தப் பிள்ளைக்கு. யார்கிட்டங்க சொல்லும்? சின்னராசு சார் தங்கமான மனுசன்தான், ஆனா அவர்கிட்டப் போய் எப்படிச் சொல்லும்? சத்துணவு அம்மா பாத்திரம் கழுவி வச்சுட்டு வீட்டுக்குப் போயாச்சு. பெல் அடிக்கற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருந்துச்சு. எல்லாரும் போனப்புறம் பையைப் பின்னால பிடிச்சுக்கிட்டு வீடு வரைக்கும் நடந்துச்சு. இங்க எத்தனை அம்மாமாருங்க இருக்கீங்க... உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

அவ அம்மா பாப்பாத்தி சண்டைக்கெல்லாம் வரல. சார்கிட்ட ஒன்னு சொல்லிச்சு.

"டீச்சரம்மா என்னிக்கு வர்றாங்களோ, அன்னிக்கு என் பொண்ணு வருவா சார். அது வரைக்கும் வீட்ல இருக்கட்டும்."

சொல்லிட்டு சும்மா இருக்கல. மகளை மனு எழுதச் சொல்லி, திங்கட்கிழமை மனுநாள்ல கலெக்டர் ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்துச்சு. அந்த மனு ஒவ்வொரு ஆபீஸா கீழ இறங்கி, கடைசியில ஒரு மேஜை மேல வந்து விழுந்துச்சு. யார் மேஜை? சொல்லுங்க பாப்போம்... ஆமாங்க. ஹேமலதா டீச்சர் மேஜைதான்.

அதிகாரி மனுவைப் படிக்கக்கூட இல்ல. பழைய பதில் ஒன்னு இருக்கும், ஊர்ப் பேரை மட்டும் மாத்தி அடிச்சு வைங்கன்னுட்டாரு. பழைய பதில் என்ன தெரியுமா? "அனுமதிக்கப்பட்ட பணியிடம் இரண்டு. பணிபுரிவோர் இரண்டு. ஆண் ஒன்று, பெண் ஒன்று. இருவரும் உரிய கல்வித் தகுதி பெற்றவர்கள். காலியிடம் இல்லை." பேப்பர்ல பாத்தா ஒரு வரிகூடப் பொய் இல்லைங்க. அதுதான் கொடுமை.

டீச்சர் மனுவை எடுத்தாங்க. தெரிஞ்ச கையெழுத்து. ஒன்னாவதுல இவங்க கையைப் பிடிச்சு எழுதப் பழக்கின கையெழுத்து. நான் பெரிய பெண் ஆகிவிட்டேன், டீச்சர் இல்லாததால் அம்மா பள்ளிக்கு அனுப்பவில்லைன்னு எழுதிட்டு, கீழ இப்படி எழுதியிருந்துச்சு.

"எங்கள் ஹேமலதா டீச்சர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கண்டுபிடித்துத் தரவும்."

டீச்சர் மனுவைப் பக்கத்துலயே விரிச்சு வச்சுக்கிட்டாங்க. அப்புறம் பழைய பதிலை அப்படியே அடிச்சாங்க. அடிச்சு முடிச்சு, கடைசியில ஒரு வரி சேத்தாங்க. "மேற்படி ஆசிரியை பதினான்கு மாதங்களாக இந்த அலுவலகத்தில் இருக்கிறார். இந்தப் பதிலைத் தட்டச்சு செய்தவரும் அவரே." கையெழுத்து போடற இடத்துல வழக்கம்போல பென்சில்ல ஒரு பெருக்கல் குறி வச்சு நீட்டுனாங்க. அதிகாரி அய்யா போன் பேசிக்கிட்டே நாப்பது பேப்பரோட சேத்து அதுலயும் கையெழுத்து போட்டாரு. சீல் குத்தி தபால்ல போயிடுச்சு.

தர்ஷினி வாசிச்சுக் காட்டுனா, பாப்பாத்தி கேட்டுச்சு. அடுத்த திங்கட்கிழமை அதே பேப்பரை அதே கலெக்டர் மேஜையில வச்சுச்சு. புதன்கிழமை ஹேமலதா டீச்சர் பள்ளிக்கூடத்துல இருந்தாங்க. வியாழக்கிழமை தர்ஷினி வந்துட்டா.

கை தட்டறீங்க... இருங்க, இன்னும் முடியல. டீச்சருக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்துச்சு. அதுக்கு அடுத்த வாரம் அதிகாரி இன்னொரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாரு. ஒரு வாரம் வந்து உதவி பண்ணுங்க டீச்சர்னாரு.

இதை ஏன் சொல்றேன்? அந்த இன்னொரு ஊரு உங்க ஊரா இருக்கலாம். நீங்க மனு குடுப்பீங்க, காலியிடம் இல்லைன்னு பதில் வரும், மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவீங்க. எத்தனை வருசமா இதையே பண்றோம்? சலிப்பா இல்லையா உங்களுக்கு? நாளைக்குக் காலையில ஒம்போதரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. பேப்பரைப் பாக்காதீங்க. வகுப்புல நின்னு பாடம் நடத்தறவங்களை எண்ணுங்க. ஒருத்தர் குறைஞ்சாலும் நேரா ஆபீஸுக்குப் போய், எங்க டீச்சர் இங்க எந்த நாற்காலியில உக்காந்திருக்காங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு வாசல்லயே நில்லுங்க. அவங்களைக் கையோட கூட்டிக்கிட்டுதான் ஊருக்குத் திரும்பணும்.