கழிக்கும் கல்லுக்கும் நடுவே

அன்று மதியம் உன் அப்பாவின் முதுகுக்கு நான்தான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். ஃபைபர் ஷெட்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் அந்த அரிப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தூள் தோலில் ஏறிக்கொள்ளும், சொறிந்தால் அதிகமாகும். பாண்டு உட்கார முடியாமல் நெளிந்தான். "லெஃப்ட் பக்கம்ணா, இன்னும் கொஞ்சம் மேல" என்றான். மேலே தேய்த்தேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஏரிக்கு நடந்தான்.

கவிப்பிரியா, போன வாரம் நீ ஷிஃப்ட் முடிந்து நேராக என்னிடம் வந்தாய். உன் அப்பா படகு விட்டதைக் கூடவே இருந்து பார்த்தவர் நீங்கள்தான் பெரியப்பா, எழுதிக் கொடுங்கள் என்று ஒரு நோட்டையும் வைத்துவிட்டுப் போனாய். அவன் போய் நாலு மாதம் கழித்துப் பிறந்தவள் நீ. உனக்குக் கேட்க உரிமை இருக்கிறது. எனக்கு நினைவு நன்றாகவே இருக்கிறது.

1991இல் மண்ணூர் பக்கம் இத்தனை கம்பெனிகள் கிடையாது. ஜனார்தன் சாரின் ஷெட்டில் தண்ணீர்த் தொட்டியும் பாத்ரூம் கதவும் செய்துகொண்டிருந்தோம். அவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர், மெட்ராஸில் படித்தபோது கடலில் பாய்மரப் படகு ஓட்டப் பழகியவர். அந்த வருடம் சிங்கப்பூர் வியாபாரி ஒருவர் அவரிடம் பந்தயப் படகுகள் கேட்டார். கத்தி போல ஒல்லியான இரண்டு உடல்கள், நடுவே இழுத்துக் கட்டிய வலை, அதன்மேல் ஓர் ஆள், ஒரே பாய். கேட்டமரன் என்று பெயர். நம் கட்டுமரத்தின் பெயரைத்தான் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான் என்றார் சார். எங்களோடு வேலை பார்த்த அண்ணாதுரை அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், இதுல மரத்தையே காணோமே" என்றான்.

முதல் இரண்டு படகுகளை எங்கள் ஏரியில் ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. நானும் பாண்டுவும் அந்த ஏரியிலேயே வளர்ந்தவர்கள், நீச்சல் தெரியும். சார் எங்களுக்கு ஆறு வாரம் சொல்லிக் கொடுத்தார்.

அந்த வேகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காற்று பிடித்துவிட்டால் ஓர் உடல் தண்ணீரை விட்டு மேலே எழும்பும். இடுப்பு பெல்ட்டின் கொக்கியைப் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் மாட்டிக்கொண்டு, எழும்பிய உடலின் விளிம்பில் கால் ஊன்றி, முதுகைத் தண்ணீருக்கு மேல் சாய்த்துத் தொங்க வேண்டும். ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாயின் கயிறு. கரையில் போகும் சைக்கிள்காரர்கள் பின்னுக்குப் போவார்கள். பாண்டு அப்போது பல்லைக் காட்டிக்கொண்டே இருப்பான்.

ஒருவனுக்கு ஒருவன் என்று போட்டி போடும்போது வேகம் மட்டும் போதாது. காற்று வரும் பக்கத்தில், அதாவது மேல்பக்கத்தில், போகிறவன் தன் பாயால் மற்றவனின் காற்றை மறைக்கலாம். காற்று இல்லாத படகு எழும்பிய உடலைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிடும். அதற்கு மாற்று ஒன்றுதான் உண்டு. கீழ்ப்பக்கம் இருப்பவன் காற்றை நோக்கித் திரும்பி மேல்பக்கத்தானை நெருக்கலாம். மேலே இருப்பவன்தான் விலகிப் போக வேண்டும். அது விதி. சார் கரும்பலகையில் வரைந்து காட்டி, "கீழ இருக்கறவனுக்குத்தான் உரிமை" என்பார். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. பாண்டுவுக்கு விதியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. காற்று எங்கே கறுத்து வருகிறது என்று தண்ணீரைப் பார்த்தே அவனுக்குத் தெரியும்.

சிங்கப்பூர்க்காரர் படகை அங்கே ஓட்டிக் காட்ட ஓர் ஆளை இரண்டு வருடத்துக்கு அனுப்பச் சொன்னார். யாரை அனுப்புவது என்று சார் தாமே சொல்ல விரும்பவில்லை. ஐந்து பந்தயம், மூன்றில் ஜெயிப்பவன் போகட்டும் என்றார். நான் இரண்டு, பாண்டு இரண்டு. ஐந்தாவது டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அவன் போகக் கூடாது என்று நான் நினைத்ததற்குக் காரணம் உண்டு. உன் அம்மா லீலாவுக்கு அப்போது ஐந்தாவது மாதம். எங்கள் அம்மா தாயாரம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது. பொறுப்பு தெரிந்தவன் விட்டுவிட்டுப் போவானா என்று அவனிடமே கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "நீ ஜெயிச்சா நீ போண்ணா. உனக்குப் பொண்டாட்டியா புள்ளையா. அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்றான். நியாயமான பதில்தான். பல நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே வாரம் ஷெட்டில் எல்லோர் முன்னாலும் அண்ணாதுரை, "இன்னா நீர்க்கட்டி, தண்ணி உங்க வூட்டுது, முன்னாடி போறது உன் தம்பியா" என்றான். பாண்டுவும் சேர்ந்து சிரித்தான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நீர்க்கட்டி என்றால் உனக்குத் தெரியாது. ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்து விடுகிற வேலை. எங்கள் வீட்டில் மூத்தவனுக்கு வரும். ஏரிக்குள் உடைந்துபோன பழைய மதகின் கல் ஒன்று நின்றது. ஏரி நிறைந்தால் அது தண்ணீருக்கு ஒரு சாண் கீழே மறைந்துவிடும். அதனால் மழை முடிந்ததும் கல்லை ஒட்டி ஒரு மூங்கில் கழி நட்டு, சிவப்புத் துணி கட்ட வேண்டும். அதுவும் நீர்க்கட்டி வேலைதான். வலை போடுகிறவர்கள் கல்லைத் தேட மாட்டார்கள், கழியைத்தான் பார்ப்பார்கள். கழி இருக்கும் இடம்தான் கல் இருக்கும் இடம். அதை யாரும் சரிபார்த்ததில்லை. கழி இல்லாமல் கல்லைக் கண்டுபிடிக்க எனக்கு மட்டும் தெரியும். கரையில் இருக்கும் இரண்டு பனைகளும் ஒன்றின் பின் ஒன்றாக வர வேண்டும்.

அந்த வருடக் கழியை வியாழக்கிழமை நட்டேன். நட்டாயிற்றா என்று பாண்டு கேட்டான். நட்டாயிற்று என்றேன். அது பொய் இல்லை.

ஞாயிறு மதியம் வடகிழக்குக் காற்று நன்றாக இருந்தது. கரையில் இருநூறு பேர் இருப்பார்கள். சார் கையில் ஸ்டாப்வாட்ச். அண்ணாதுரை தண்டவாளத் துண்டைத் தட்டினால் புறப்பாடு. அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில்தான் பாதிப் போட்டி முடியும். புறப்பாட்டுக் கோட்டுக்குப் பின்னால் வட்டம் சுற்றி, ஒருவன் வாலை ஒருவன் பிடிப்போம். நான் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு, தட்டும் நேரத்தில் அவனைக் கோட்டிலிருந்து தள்ளியே வைத்திருந்தேன். நான்கு படகு நீளம் முன்னால் கிளம்பினேன். நல்ல புறப்பாடு அது. சார் கை தட்டியது கேட்டது.

மிதக்கவிட்ட இரண்டு நீல டிரம்களை இரண்டு முறை சுற்ற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தான். கடைசி டிரம்மில் திரும்பிக் கோட்டை நோக்கி வரும்போது எனக்கு மேல்பக்கத்தில் வந்துவிட்டான். என் பாய் ஒரு முறை படபடத்தது. காற்றை மறைக்கத் தொடங்கிவிட்டான் என்று தெரிந்தது.

நான் சுக்கானைத் திருப்பி அவனை மேலே நெருக்கினேன். விதிப்படிதான். அவன் விலகினான். மறுபடி நெருக்கினேன். இரண்டு படகும் ஒரு கை தூரத்தில் பறந்துகொண்டிருந்தன. எதிரே மேல்பக்கத்தில் சிவப்புத் துணி ஆடியது. அவன் கழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான்.

"மேல ஏத்துண்ணா, ஏத்து. கழி வரைக்கும் எனக்குத் தண்ணி கீது."

கழி வரைக்கும் முப்பது அடி தண்ணீர் இருந்தது. நான்தானே வியாழக்கிழமை அந்த இடம் விட்டு நட்டிருந்தேன். கல் அந்த முப்பது அடிக்குள் இருந்தது. பனைகள் ஒன்றாக வரும்வரை அவனை நெருக்கிவிட்டு, நான் கீழே விலகிக்கொண்டேன்.

சத்தம் பெரிதாக இல்லை. தொட்டியை லாரியிலிருந்து இறக்கும்போது கேட்குமே, அது போல ஒன்று. படகு நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை. கம்பியில் தொங்கியபடியே முன்னால் வீசப்பட்டான். பின்பக்கம் தூக்கிக்கொண்டு, பாய்மரம் சேற்றில் குத்தி ஒடிந்து, படகு அவன்மேல் கவிழ்ந்தது.

சுக்கான் உடையும், அவன் வலையில் உட்கார்ந்து என்னைத் திட்டுவான் என்றுதான் நினைத்திருந்தேன். இதை நீ நம்ப வேண்டும். திரும்பிப் பார்த்தேன். படகின் வயிறு தெரிந்தது. தலை தெரியவில்லை. அங்கே தண்ணீர் கழுத்தளவுதான். எழுந்து நின்றால் போதும். அவன் எழவில்லை. பெல்ட் கொக்கி சிக்கியிருக்கும் என்று உடனே புரிந்தது. திரும்பிப் போக முக்கால் நிமிடம் ஆகும். கோட்டுக்கு இரண்டு நிமிடம். ஒருவன் தண்ணீரில் ஆபத்தில் இருந்தால் போட்டியை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதும் விதி. சார் முதல் நாள் சொன்ன விதி.

என் படகு அப்போது நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

கோட்டைத் தாண்டித் திருப்பினேன். கரையில் இருந்தவர்கள் கத்திக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருந்தார்கள், ஆனால் அவர்களுக்கு வெகு தூரம். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். முதலில் கழியிடம் போனேன். அதைப் பிடுங்கி, கல்லை ஒட்டிக் குத்தி, காலால் சேற்றை மிதித்து இறுக்கினேன். அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் தம்பியைத் துழாவுவது போல இருந்ததாம். பிறகுதான் முங்கினேன். பாய்த்துணி அவனைச் சுற்றியிருந்தது. கொக்கி சுலபமாகவே கழன்றது.

விசாரிக்க வந்தவர்கள் கழி இருந்த இடத்தை அளந்தார்கள். கல்லிலிருந்து ஒரு சாண். பையன் வேகத்தில் கவனிக்கவில்லை என்று எழுதினார்கள். உன் அம்மா இன்றைக்கும் யார் வந்தாலும், "பெரிய மாமாதான் தூக்கினு வந்தாரு, வேற யாரும் கிட்டக்கூட போவல" என்று என்னைப் பற்றிச் சொல்கிறாள். நான் மறுத்ததில்லை. காரியம் முடிந்து மூன்றாம் வாரம் சிங்கப்பூர் போனேன். யாராவது போகத்தானே வேண்டும். நீ பிறந்த செய்தி அங்கேதான் வந்தது.

சில நாள் ஏரிப்பக்கம் போனால் பாய் படபடக்கும் சத்தம் எனக்கு மேல்பக்கத்திலிருந்து கேட்கிறது. தலையைத் திருப்புவதில்லை.

கழி கல்லிடமே இருந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று நீ கேட்கலாம். அதை நான் தினமும் யோசிக்கிறேன். அவன் காற்றை மறைத்துவிட்டான் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். ஒரு முறை பாய் படபடத்தால் மறைத்துவிட்டதாக ஆகாது. கடைசி நூறு அடியில் நான் மீண்டிருப்பேன்.

சாரின் ஸ்டாப்வாட்ச்சில் அன்று என் நேரம் பதினொரு நிமிடம் நாற்பது வினாடி. அந்த ஏரியில் இதுவரை யாரும் அதைவிடக் குறைவாக ஓட்டியதில்லை.