உள்ளே மடித்த துணி

உங்கள் முகம் வாடியிருக்கிறது, மேடம். காலையில் ஸ்டேஷனுக்கு வந்ததிலிருந்து பார்க்கிறேன், தண்ணீரைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை. என்னைக் கேள்வி கேட்கிற அவசரத்தில் வயிற்றைக் காயப்போடாதீர்கள். முழங்கால் வலியோடு நான் எங்கே ஓடிவிடப் போகிறேன். கேட்டதையெல்லாம் சொல்லுகிறேன். நடுவில் நிறுத்தாமல் விட்டால் சீக்கிரமே முடித்துவிடுவேன்.

தம்பிக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே வேறொரு குடும்பத்துக்குப் போயிருந்தார். எனக்கு இருபத்தொரு வயது, கையில் ஒரு தையல் மெஷின். முன்னறையில் மெஷின், பின்னறையில் அடுப்பு. அவன் துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுவான். வாயில் ஏதாவது இருந்தால் பிள்ளை அழாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன். ஒரு பிஸ்கட், ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம். மேசைக்கு மேலே நான் தைத்துக்கொண்டிருப்பேன், கீழே அவன் தின்றுகொண்டிருப்பான். இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்தது.

நாற்பது வயதில் நூற்று ஐம்பத்திரண்டு கிலோ இருந்தான். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான், உட்கார்ந்த இடத்து வேலை. தெருவில் அவனுக்கு லாரி என்று பெயர். "லாரி வருது, ஓரம் போங்கப்பா" என்பார்கள். அவனும் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போவான். அவன் சட்டைக்கு எந்தக் கடையிலும் அளவு கிடையாது. நான் தைத்தால்தான் உண்டு. அதில் எனக்குப் பெருமை இருந்தது. மறைப்பானேன்.

பிறகு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாயை மட்டும் விட்டுவிட்டு மிச்ச வயிற்றை எடுத்துவிடுவார்களாம். நான் சட்டையைப் பிடித்துத் தைக்கிற மாதிரிதான், மேடம். ஆனால் நான் மிச்சத் துணியை வெட்ட மாட்டேன், உள்ளே மடித்துத் தைப்பேன். என்றைக்காவது பிரிக்க வேண்டியிருக்கும் அல்லவா. அவர்கள் வெட்டி எறிந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் முன் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மா எனக்கு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். முதலில் தண்ணியாக, அப்புறம் மசித்தது, அப்புறம் மெத்தென்று. குழந்தைக் கரண்டி. ஒரு வாய்க்கு இருபது முறை மெல்ல வேண்டும். சாப்பிடுவதற்கு அரைமணி முன்பும் பின்பும் தண்ணீர் கூடாது. மாத்திரைகளை முதல் மாதம் பொடித்துத் தர வேண்டும். ஒரு சின்ன மாத்திரையை, ஏதோ வைட்டமினாம், தனியாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"மத்ததெல்லாம் ஒரு நாள் முன்னப்பின்ன ஆனாலும் சமாளிச்சுக்கலாம்க்கா. இத மட்டும் விட்டுடாதீங்க. வாந்தி இருக்கிறப்போ கண்டிப்பா விடவே கூடாது. விட்டா கண்ணு போகும், நடை போகும், ஞாபகமும் போயிடும்."

நான் அளவு நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்தை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். என் கையெழுத்துதான்.

அவன் எடை இறங்கியது. நான் வாரம் ஒரு சட்டை பிரித்துத் தைத்தேன். ஒரு முட்டை வேகவைத்தால் பாதிதான் சாப்பிடுவான். நான் பழக்கதோஷத்தில் நாலு பேர் சமையல் செய்துவிட்டு, சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "இன்னும் ஒரு வாய், அக்காவுக்காக" என்பேன்.

"அக்கா, என் வயிறு இப்போ உன் பட்டன் டப்பாவவிடச் சின்னது. அதுக்குள்ள சந்தையவே திணிக்கப் பாக்கிறியே" என்று சிரிப்பான். ஆனாலும் வாயைத் திறப்பான். கொஞ்ச நேரத்தில் குளியலறைக்குப் போய்க் கக்கிவிட்டு வருவான். முகம் கழுவி வந்து, "ருசியாத்தான் இருந்துச்சுக்கா" என்பான். அவ்வளவு நல்ல பிள்ளை.

முதல் மாதம் முடிந்ததும் மாத்திரையை முழுசாக விழுங்கலாம் என்றார்கள். ஆனால் அவனுக்கு என் கைப்பொடி பழகிவிட்டது. காலையில் தயிரில் கலந்து கொடுப்பேன். "பொடி போட்டாச்சா" என்று கேட்பான், "போட்டாச்சு" என்பேன். என்ன பொடி என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

ஐந்தாம் மாதம் டீச்சர் வந்தாள். தம்பி கடைக்குப் போனைச் சரிபண்ண வந்தவள், பிறகு போன் கெடாமலேயே வந்துகொண்டிருந்தாள். நல்ல பெண். முதல் நாள் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் நாலு கரண்டியோடு கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். நான் இன்னொரு கரண்டியோடு போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்னு சொல்றார்ல, அண்ணி. இத்தன வருஷமும் அவரச் சோத்தாலயே கட்டி வச்சிருந்திருக்கீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். தம்பியும் சிரித்தான். நானும் சிரித்தேன். கரண்டியில் இருந்ததை நானே சாப்பிட்டுவிட்டேன்.

அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கல்யாணத்தை முடித்துக்கொண்டு இருவரும் அங்கே போய்விடுவது என்றும், அவன் அங்கேயே கடை போடுவது என்றும் பேச்சு. "நீயும் அப்பப்போ வந்து நாலு நாள் இருந்துட்டுப் போக்கா" என்றான் தம்பி. நாலு நாள்.

கல்யாணச் சட்டைக்கு அவனுடைய பழைய வெள்ளைச் சட்டையையே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். நல்ல துணி, வீணாக்க மனமில்லை. அவன் அதை எடுத்து உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு பக்கமும் நாலு நாலு விரல் துணி மடிந்திருந்தது.

"இத ஏன்க்கா வச்சிருக்க? குத்துது. வெட்டிடு."

"இருக்கட்டும். தேவைப்படும்."

"தேவைப்படாது. நான் திரும்பி அந்த சைஸுக்குப் போகமாட்டேன்."

சொல்லிவிட்டு என் கத்தரிக்கோலை எடுத்து அவனே வெட்டினான். என் கத்தரிக்கோலை யாரும் தொடக்கூடாது என்பது மேசைக்கு அடியில் உட்கார்ந்த காலத்திலிருந்தே அவனுக்குத் தெரியும். கோணல்மாணலாக வெட்டினான். இரண்டு துண்டும் தரையில் விழுந்தன. நான் குனிந்து பொறுக்கி எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை அந்தச் சின்ன மாத்திரையை உறையிலிருந்து பிரித்தேன். பொடிக்கவில்லை. பட்டன் டப்பாவில் போட்டேன். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியைக் கொஞ்சம் சுரண்டித் தயிரில் கலந்தேன். அதுவும் சுண்ணாம்புச் சத்துதானே, உடம்புக்கு என்ன கெடுதல் என்று நினைத்துக்கொண்டேன். அவன் வழித்துச் சாப்பிட்டான்.

எனக்கு வேண்டியதெல்லாம் அவன் கொஞ்சம் சோர்ந்து போவதுதான். மாற்றல் தேதி தாண்டிப் போனால் போதும். வாந்தி நிற்காமல் இருக்க, இன்னொரு வாய் இன்னொரு வாய் என்று ஊட்டினேன். ஏழாவது வாரம் வந்தது. ஒரு காலை அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். "அக்கா, நீ ரெண்டு பேரா தெரியற" என்றான். "ரெண்டு அக்கா இருந்தா நல்லதுதானே" என்றேன். உட்காரவைத்து ஊட்டினேன். அந்த வாரக் கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அந்த நாலு நாளைப் பற்றித்தானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், தெரிந்துதான் காத்திருந்தேன்.

மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். "என் கையாலேயே பொடிச்சுக் குடுத்தேன்" என்றேன். வாந்தியில் எல்லாம் வெளியே போயிருக்கும் என்று அவர் என்னைத் தேற்றினார். ஊசி போட்டதில் பார்வை சரியானது. நடை பாதி வந்தது. ஞாபகம் வரவில்லை. பழசெல்லாம் இருக்கிறது, மேசைக்கு அடியில் தின்ற பிஸ்கட் உட்பட. புதிதாக எதுவும் நிற்பதில்லை. டீச்சர் ஞாயிறுதோறும் அந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அவன் அவளிடம் மரியாதையாக, "போன் ரிப்பேருக்கா வந்தீங்க?" என்று கேட்டான்.

அவள்தான் டப்பாவைத் திறந்தாள். அவன் சட்டையில் பட்டன் ஒன்று இல்லை என்று, தேடி எடுக்கப் போனாள். நாற்பத்தொன்பது மாத்திரைகள் இருந்தன. சாக்கடையில் போட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று நேற்று உங்கள் ஆள் ஒருவர் என்னிடமே கேட்டார். தையல்காரி எதையும் எறிய மாட்டாள், மேடம். எதுவும் எப்போதாவது உதவும் என்றுதான் எங்கள் கை எடுத்து வைக்கும். அவள் என்னைத் திட்டவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன் அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். நான், "சாப்பிட்டுட்டுப் பேசலாம், வாம்மா" என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தியது நான்தான். என்ன ஆகும் என்று தெரிந்துதான் நிறுத்தினேன். யாரும் தூண்டவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஆனால் நான் அவனைப் பட்டினி போட்டதாக அதில் ஒரு வரி இருக்கிறதாமே, அதை எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இந்த நாலு மாதமாக, அரைமணிக்கு ஒரு தடவை "அக்கா, நான் சாப்பிட்டேனா?" என்று கேட்பான். இப்போதுதான் கிண்ணத்தைக் கழுவி வைத்திருப்பேன். "இல்லையே ராசா" என்று சொல்லி மறுபடியும் ஊட்டுவேன். பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமுமாக, வழுக்கிக்கொண்டு இறங்குகிற மாதிரி. இப்போது வாந்தியும் இல்லை. பதினான்கு கிலோ ஏறியிருக்கிறான்.

அந்தப் பையில் அவனுடைய நீலச் சட்டை இருக்கிறது. அவனிடம் சேர்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு விரல் பிரித்துவிட்டிருக்கிறேன். உள்ளே இன்னும் மூன்று விரல் துணி இருக்கிறது. இனி யார் ஊட்டினாலும் அதைச் சொல்லிவையுங்கள்.