கீழ்த் தாழ்ப்பாள்

டெலியா: இன்னைக்கும் என் மட்டக்குதிரை உங்க கொட்டடி வாசல்லதான் நிக்குது, பார்ட்லி.

பார்ட்லி: தெரியுதே, தலைய என் தோள்மேல சாச்சுக்கிட்டு. டீ போடட்டா?

டெலியா: போடுங்க… குதிரைக் கண்காட்சி ஆரம்பிச்சதுலேருந்து இதே கதை. விடிஞ்சா இவ கொட்டடி காலி.

பார்ட்லி: போன வருஷமும் இப்படித்தான். உங்க வீட்டுக்காரன் ஃபெஸ்டி உயிரோட இருந்தவரைக்கும் ஒரு நாளாவது இவ வெளிய வந்திருக்காளா?

டெலியா: இவ எதுக்கு வரணும்? எங்க வீட்டுக்காரர்தான் விடியறதுக்குள்ள உங்ககிட்ட வந்து உக்காந்துடுவாரே. போட்டியில ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்குவீங்க. காலையில ஒரே கெட்டில்ல டீ.

பார்ட்லி: பரிசெல்லாம் அவன் வாங்குவான், டீத்தூள் மட்டும் என்னோடது. சர்க்கரை வேற நாலு கரண்டி.

டெலியா: அஞ்சு. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் இன்னொண்ணு.

பார்ட்லி: படுபாவி… அவன் இல்லாம இந்த மைதானமே நல்லால்ல, டெலியா.

டெலியா: ம்.

பார்ட்லி: நேத்து கமிட்டிச் செயலாளர் காயின் வந்தாரு. உங்க குதிரையத் திறந்துவிடறது நான்தானாம்.

டெலியா: நீங்களா… எதுக்கு?

பார்ட்லி: என் குதிரையும் அதே போட்டியில நிக்குதே. உங்க வெள்ளைக் குதிரை புல்லுல பொரண்டு, கறையோட நடுவர் முன்னாடி போனா எனக்கு லாபம்னு நெனைக்கிறாரு.

டெலியா: அவ வாயாலயே திறப்பான்னு சொல்ல வேண்டியதுதானே?

பார்ட்லி: சொன்னேன். கதவோட மேல் தாழ்ப்பாளை உதட்டால தள்ளிடுவா, சரி… கீழ்த் தாழ்ப்பாள்? அது மனுஷன் கால் வச்சுத் தள்ளினாத்தானே வரும்னாரு.

டெலியா: நீங்க என்ன சொன்னீங்க?

பார்ட்லி: ஒண்ணும் சொல்லல. அதனால அடுத்த வருஷம் எனக்கு மைதானத்தோட அந்தக் கோடியில இடமாம். கடலோரம்… காத்து நல்லா வரும்.

டெலியா: அவ்வளவு தூரமா… ஏன் வாய மூடிட்டு இருந்தீங்க?

பார்ட்லி: நான் இல்லேன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாரே. டீ ஆறுது.

டெலியா: நான் காயின்கிட்ட போறேன்.

பார்ட்லி: போயி?

டெலியா: நான்தான்னு சொல்லப் போறேன். அந்தத் தாழ்ப்பாளைத் தள்ளிவிடறது நான்தான், பார்ட்லி. அவரு போனப்பறம் காலையில என்னை யாரும் ஒரு வாய் டீக்குக் கூப்பிடல. சும்மா வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு. குதிரையத் தேடிட்டு வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு…

பார்ட்லி: உக்காருங்க. காயின் எங்கயும் ஓடிட மாட்டாரு.

டெலியா: உங்களுக்குக் கோவமே வரலையா?

பார்ட்லி: நீங்க கால நீட்டி அதைத் தள்ளினத போன வருஷமே பாத்துட்டேன். உங்க குதிரை வேற பக்கம் போயிடக் கூடாதேன்னுதான் இந்த வருஷம் விடியறதுக்கு முன்னாலயே என் வாசல்ல அவளுக்குப் பிடிச்ச பெப்பர்மிண்ட் மிட்டாய் போட்டு வைக்கிறேன்.