பச்சை ஒயர் வெட்டப்பட்டது குறித்துத் தணிகாசலம் சொன்னது

என் பெயர் தணிகாசலம். தகப்பனார் பெயர் அப்பாவு. வயது அறுபத்து மூன்று. உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சித்தூர் மாவட்டம் புத்தூரில், ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் மனைவியுடன் குடியிருக்கிறேன். எனக்குத் தெலுங்கு பேச வரும். ஆனாலும் பார்த்ததைப் பிசகில்லாமல் சொல்லத் தமிழே வசதி என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில், சத்தியவேட்டுக்காரரும் தமிழ் எழுதத் தெரிந்தவருமான தலைமைக் காவலர் துலுக்காணம், நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதுகிறார். இன்று 2001ஆம் ஆண்டு ஜூன் மாதம், புதன்கிழமை.

சென்ற வெள்ளிக்கிழமை திருப்பதியில் இறந்துபோன தாட்சாயணி என் மாணவி. வயது பத்தொன்பது. அவள் பட்டினியோடு மலையேறி இறங்கிய களைப்பில் இதயம் நின்று இறந்தாள் என்று பயிற்சி நிலையத்தின் உரிமையாளர் சந்திரசேகர் எழுதிக் கொடுத்திருப்பதைக் காவல் ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். அது சரியல்ல. அவளுடைய தாயார் செங்கம்மா இப்போது அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். தாம் வேண்டிக்கொண்ட வேண்டுதலே மகளைக் கொண்டுபோய்விட்டது என்று நினைக்கிறார். ஆகையால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சந்திரசேகர் அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, திருப்பதியில் இந்தப் பயிற்சி நிலையத்தை ஆரம்பித்தார். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், இன்ன வியாதி, இன்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அந்தக் குரலைக் காதில் கேட்டுக் கணினியில் தட்டச்சு செய்து அனுப்புவது இங்குள்ள பிள்ளைகளின் வேலை. நன்றாகக் கற்றவர்களைப் பெங்களூர்க் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அந்த டாக்டர்களின் உச்சரிப்பு நம் பிள்ளைகளுக்குப் பிடிபடாது என்பதால், காதைப் பழக்கிவிட என்னை நியமித்தார்கள். நான் தினமும் புத்தூரிலிருந்து பேருந்தில் போய் வந்தேன்.

வகுப்பறையில் என் மேசை மீது ஒரு கேசட் பிளேயர். அதிலிருந்து ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தகரப் பெட்டிக்கு ஒயர் போகும். அந்தப் பெட்டிக்கு ஆம்ப்ளிஃபையர் என்று பெயர். அதிலிருந்து ஆளுக்கு ஒரு ஹெட்போன். தூசி வரக்கூடாது என்பதற்காக எல்லோரும் செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இது சந்திரசேகர் வைத்த விதி. தரையைத் தினமும் காலையில் பினாயில் தண்ணீரால் துடைப்பார்கள்.

ஆரம்பத்திலிருந்தே ஹெட்போனில் ஓர் இரைச்சல் இருந்தது. மூடிய டப்பாவுக்குள் வண்டு சுற்றுவது போன்ற சத்தம். டாக்டர் வார்த்தையை முடிக்கிற இடம் அதில் அமுங்கிப் போகும். பிள்ளைகள் முறையிட்டதன் பேரில், ஒரு நாள் சந்திரசேகர் நிலையத்தின் டெக்னீஷியன் முனிகிருஷ்ணனைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன். முனிகிருஷ்ணன் ஒரு பெட்டியின் பிளக்கைக் கழற்றி, உள்ளே இருந்த மூன்று ஒயர்களில் பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"சார், இது எர்த்து சார். இத்த எடுத்தா சத்தம் போவும், ஆனா..."

"சத்தம் போவுமா போவாதா? அத்த மட்டும் சொல்லு."

"போவும் சார்."

"அப்புறம் இன்னா ஆனா? வெட்டு."

முனிகிருஷ்ணன் வெட்டினார். அதன் பிறகு எல்லா வரிசைப் பெட்டிகளின் பிளக்குகளிலும் அப்படியே செய்தார். நான் கேசட்டை ஓட விட்டேன். இரைச்சல் அடியோடு நின்றுவிட்டது. டாக்டர் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பச்சை ஒயர் எதற்கு என்று ஆய்வாளர் கேட்டார். நான் மின்சாரம் படித்தவன் அல்ல. முனிகிருஷ்ணனை விசாரித்து நான் புரிந்துகொண்டதை வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்து மாடியில் மழைத் தண்ணீர் இறங்க ஒரு குழாய் வைத்திருப்பார்கள். வருடத்தில் முக்கால்வாசி நாள் அது காய்ந்தே கிடக்கும். சும்மா கிடக்கிறதே என்று அதை அடைத்துவிட்டால், ஒரு நாள் பெய்கிற மழை கூரையைப் பிளந்துகொண்டு பிள்ளைகள் தலையில் இறங்கும். பச்சை ஒயர் அந்தக் குழாய். உதாரணம் வாக்குமூலத்தில் வேண்டாம் என்று தலைமைக் காவலர் சொன்னார். இருக்கட்டும், எழுது என்று ஆய்வாளர் சொன்னார்.

அதன் பிறகு சில வாரம் கழித்து, கடைசி வரிசையின் ஓரத்து இருக்கையில் இருந்த ஹெட்போன், தொட்டால் சுருக்கென்று கடிப்பதாகப் பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தார்கள். அதன் ஒயர், காதை மூடும் கிண்ணத்துக்குள் நுழைகிற இடத்தில் தோல் உரிந்து, கறுப்பு டேப் சுற்றி, தலைக்கு மேல் வரும் எஃகுப் பட்டையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பிள்ளைகள் அதற்கு எறும்பு என்று பெயர் வைத்தார்கள். "சார், எறும்பு இன்னிக்கிப் பசியா கீது சார்" என்று அந்த இருக்கையில் உட்கார்கிறவர் சொல்வதும் மற்றவர்கள் சிரிப்பதும் வழக்கமாயிற்று. தலைக்கும் பட்டைக்கும் நடுவில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டால் கடிக்காது என்று அவர்களே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

நான் இதைச் சந்திரசேகரிடம் சொன்னேன். "அது ஸ்டாட்டிக் மாஸ்டாரு, துணி ஒரசினா வர்ற சின்ன ஷாக்கு. அமெரிக்காவுல கார் கதவே கடிக்கும். யாரும் செத்துப் போகல" என்றார். மறுபடியும் சொன்னபோது, முனிகிருஷ்ணனை அனுப்பி இன்னும் ஒரு சுற்று டேப் போடச் சொன்னார். அதன் பிறகும் கடித்தது.

தாட்சாயணி பங்காருபாளையம் பக்கத்துக் கிராமத்துப் பெண். தகப்பன் இல்லை. தாயார் சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் கம்பெனியில் பழம் அறுக்கும் வேலை செய்கிறார். என் வகுப்பில் அவளுக்குத்தான் நல்ல காது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கேசட்டில் டாக்டர் பேசும்போது பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழும். அந்த அழுகைக்குள் போய்விட்ட மருந்தின் பெயரை வகுப்பில் அவள் ஒருத்திதான் சரியாக அடித்திருந்தாள். பெங்களூர்க் கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்தது. வேலை கிடைத்தால் மகள் முடி கொடுப்பாள் என்று செங்கம்மா திருமலைக்கு வேண்டியிருந்தார். வியாழக்கிழமை தாயும் மகளும் நடந்து மலையேறினார்கள். வெள்ளிக்கிழமை விடியலில் முடி கொடுத்து, தரிசனம் முடித்துக் கீழே இறங்கியதும், செங்கம்மா சித்தூருக்குப் பேருந்து ஏறினார். அன்று கடைசிப் பரீட்சை என்பதால் தாட்சாயணி நேராக வகுப்புக்கு வந்தாள்.

வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். தலை மொட்டை. வெயிலுக்கு அப்போதுதான் மறுபடி பூசிக்கொண்ட சந்தனம் ஈரமாக இருந்தது. கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த லட்டை என் மேசை மேல் வைத்தாள்.

"துன்னுங்க சார், மலை லட்டு."

"நீ ஏதாவது சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டேன்.

"கீழ வந்ததும் அம்மா தோசை வாங்கிக் குடுத்துச்சு சார். ரெண்டு துன்னுட்டுத்தான் வந்தேன்."

அவள் பட்டினியாக இருக்கவில்லை என்பதற்கு இதுவே நான் நேரில் கேட்டது. அவள் முகத்திலும் நடையிலும் சோர்வு எதுவும் நான் பார்க்கவில்லை.

அவளுடைய சிநேகிதி பத்மினி கடைசி வரிசையிலிருந்து, "அடியே மொட்ட, ஹெட்போன் வழுக்கிக்கினு பூடும், கயித்தால கட்டிக்கோ" என்றாள்.

"பெங்களூர் போறதுக்குள்ள வளந்துடும்டி. உன் எலிவாலு சடைய நீ பாத்துக்கோ" என்று தாட்சாயணி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பரீட்சை நாள் என்பதால் இருக்கைகள் நிரம்பிவிட்டன. பத்மினிக்குப் பக்கத்தில் எறும்பு இருந்த இருக்கை ஒன்றுதான் காலி. தாட்சாயணி அங்கே போய் உட்கார்ந்தாள். துடைத்த தரை இன்னும் காயவில்லை, அவள் நடந்துபோன பாதத் தடம் தெரிந்தது. இடுப்பில் கையை விட்டுக் கைக்குட்டையைத் தேடினாள். அது லட்டோடு என் மேசை மேல் இருந்தது. பரவாயில்லை என்பது போல என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அதன் பிறகு நான் கேசட்டை ஓட விட்டேன். யாரோ ஒரு கிழவரின் முழங்கால் வலியைப் பற்றி டாக்டர் பேச ஆரம்பித்தார். தாட்சாயணி இரண்டு கைகளாலும் ஹெட்போனை எடுத்துத் தலையில் வைத்தாள். சத்தம் எதுவும் போடவில்லை. கைகள் வைத்த இடத்திலேயே நின்றன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்திருக்கப் போகிற பிள்ளையைப் போல முதுகு நிமிர்ந்தது. கவனமாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பத்மினி அவள் தோளைத் தொட்டாள். தொட்டவள் பின்னால் போய் விழுந்து, "ஷாக்கு சார், ஷாக்கு!" என்று கத்தினாள். நான் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன். டாக்டரின் குரல் நின்றது. தாட்சாயணி நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து தரையில் விழுந்தாள்.

பிள்ளைகளும் நானும் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள். அவள் தலையில், பூசிய சந்தனத்தின் நடுவே, பட்டை இருந்த இடத்தில் காதிலிருந்து காது வரை பழுப்பாக ஒரு கோடு இருந்தது. வலது உள்ளங்காலில் கருகிய புள்ளி ஒன்று இருந்தது. இரண்டையும் நான் பார்த்தேன்.

சித்தூரில் இறங்கி வேலைக்குப் போன செங்கம்மா, கம்பெனிக்குப் போனில் வந்த செய்தியைக் கேட்டு அடுத்த பேருந்திலேயே திரும்பி வந்தார். அவரிடம் சந்திரசேகர், "பட்டினியா மலை ஏத்திட்டியேம்மா, பொண்ணு ஒடம்பு தாங்கல. சாமி காரியம், யாரை நொந்துக்கறது" என்று சொன்னதை நான் கேட்டேன். செங்கம்மா முந்தானையை எடுத்து மகளின் மொட்டைத் தலையை மூடினார். மூடினதால் அந்தக் கோட்டை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் சந்திரசேகர் புத்தூரில் என் வீட்டுக்கு வந்தார். திங்கட்கிழமை புது வகுப்பு ஆரம்பிக்கிறது, அதற்குள் விசாரணை முடிய வேண்டும் என்றார். "மாஸ்டாரு, பொண்ணு விழுந்தத நீங்க பாத்தீங்க. அத்த சொல்லுங்க. ஏன் விழுந்துச்சுன்னு சொல்றதுக்கு நீங்க டாக்டரா, எலக்ட்ரீஷியனா?" என்று கேட்டார். நான் இரண்டும் இல்லை என்றேன். அப்படியானால் வாத்தியார் வாத்தியாராக இருங்கள் என்று சொல்லிவிட்டு, என் மனைவி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போனார்.

அன்று மாலையே நான் திருப்பதியிலுள்ள இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து தெரிவித்தேன். ஞாயிற்றுக்கிழமை மின்துறை அலுவலரும் ஆய்வாளரும் அந்த அறையைச் சோதித்தபோது சாட்சியாக உடன் இருந்தேன். கடைசி வரிசைப் பெட்டியைத் திறந்தார்கள். மின்சார ஒயர் உள்ளே நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. தகரத்தின் ஓரத்தில் உரசி உரசி ஒயரின் தோல் போய், உள்கம்பி தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹெட்போன் ஒயரின் டேப்பைப் பிரித்தார்கள். அதன் உள்கம்பி எஃகுப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியின் மறுமுனை பெட்டியின் தகரத்தோடு சேர்ந்தது, ஆகையால் தகரத்துக்கு வந்த மின்சாரம் பட்டைக்கும் வரும் என்று மின்துறை அலுவலர் விளக்கினார். எல்லாப் பிளக்குகளிலும் பச்சை ஒயர் வெட்டியபடியே இருந்தது. வெட்டியது முனிகிருஷ்ணன் கை. வெட்டச் சொன்னது சந்திரசேகர். முனிகிருஷ்ணன் தானாகவே வெட்டினார் என்று இப்போது சொல்லப்படுவது உண்மையல்ல.

ஆய்வாளர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தலையில் முடி இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. சத்தியமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பதால் சொல்கிறேன். முடியுள்ள பிள்ளைகள் அதே ஹெட்போனை வாரக்கணக்கில் போட்டிருந்தார்கள், சுருக்கென்றதோடு போயிற்று. ஆகையால் பிழைத்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூடாத கிணற்றில் ஒருவர் இருட்டில் விழுந்தால், அவர் கையில் விளக்கு இல்லை என்பதும் உண்மைதான். ஊர் கேட்கிற கேள்வி, கிணற்றை ஏன் மூடவில்லை என்பதுதான். இந்த இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

மருத்துவமனை வராந்தாவில் செங்கம்மா என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். "சாரு, நான் முடி குடுக்கச் சொன்னதாலயா போச்சு எம் பொண்ணு?" என்று கேட்டார். அறுத்த மாம்பழத்தின் கறை அவர் விரல்களில் இருந்தது. "இல்லம்மா, முடிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. விசாரணை முடிந்து எழுதினதை யாராவது வாசித்துச் சொன்னால் நம்புவேன் என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இதை அவருக்கு வாசித்துக் காட்டுகிறவர், பச்சை ஒயர் வெட்டியபடியே இருந்தது என்ற இடம் வரை வாசித்து நிறுத்திவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தலைமைக் காவலர் முழுவதையும் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கண்ணால் காணாததையும் காதால் கேளாததையும் இதில் சேர்க்கவில்லை, யாரும் வற்புறுத்திச் சொல்லவும் இல்லை. மேலே எழுதியிருப்பது எல்லாம் உண்மை, செங்கம்மாவிடம் நான் சொன்ன அந்த ஒரு பதிலைத் தவிர. அதை நான் திருத்திக்கொள்ளப் போவதில்லை.

(ஒப்பம்) அ. தணிகாசலம்