தண்ணீர் ஊற்றாத தோட்டக்காரம்மாவுக்கு

கண்ணாடிக் குடிலின் காவலரே! கல்லென்று கண்டோர் கடந்துபோன கள்ளிக்குள் உயிரைக் கண்டுகொண்ட கனிந்த நெஞ்சினரே! முப்பத்தோராண்டுகள் இத்தாவரத் தோட்டத்தின் மூன்றாம் குடிலைக் கண்ணிமைபோல் காத்து, இன்று மாலை அதன் சாவியை ஒப்படைக்கும் எங்கள் தோட்டக்காரம்மா அவர்களே! வணக்கம், வாழ்த்து, அத்துடன் ஆறாண்டாய் எங்கள் தொண்டையில் சிக்கிக் கிடக்கும் ஓர் உண்மை.

ஊரெல்லாம் தோட்டக்காரரைத் தண்ணீர் ஊற்றியதற்காகப் பாராட்டும். தங்களையோ ஊற்றாமல் இருந்ததற்காகப் பாராட்ட வேண்டியிருக்கிறது! ஆரியோகார்ப்பஸ் என்னும் வாயில் நுழையாத பெயர் பூண்ட குறுங்கள்ளிப் பேரினத்தை, 'உயிர்க்கல்' என்று எங்கள் நாவுக்கு எளிதாக்கித் தந்தவர் தாங்கள். பாலைச் சரளையில் தரையோடு தரையாய்ப் படிந்து, கள்ளியாய்ப் பிறந்தும் வளர்ந்தபின் முள்ளின்றி, முக்கோணப் புடைப்புகளோடு சாம்பல் பச்சையாய்க் கிடக்கும் அதன் சேமிப்பெல்லாம் மண்ணுக்குள், முள்ளங்கிபோல் பருத்த ஆணிவேரில் அல்லவா இருக்கிறது! விதை முதற்பூ காணப் பத்தாண்டுகூட ஆகும். கோடை போய்க் குளிர் தொடங்குமுன், உச்சியிலுள்ள வெண்பஞ்சை விலக்கி இளஞ்சிவப்புப் பூ வந்துவிட்டால், எண்ணிப் பேசும் தாங்கள் குடில் குடிலாய் ஓடிவருவீர்கள். "வேலைய அப்புறம் பாக்கலாம், கல்லு பூத்திருக்கு, வாங்கப்பா!"

தங்கள் வாய் மட்டும் கொஞ்சம் காரம், அம்மா. "தொட்டியில செடி எங்க?" என்று கேட்ட பார்வையாளரிடம், "நீங்க பாத்துட்டிருக்கறதுதான் செடி, கல்லு பக்கத்துல கிடக்கு" என்றீர்கள். எங்களிடமோ, "குழாயத் தொட்டா கைய ஒடிப்பேன்" என்று சொல்லாத நாளே இல்லை.

அப்படிச் சொல்லியும் தொட்டோம். மகளின் பிரசவத்துக்காகத் தாங்கள் இருபது நாள் விடுப்பில் சென்ற குளிர்காலம் அது. உறக்கப் பருவத்தில் சுருங்கிக் கிடந்தவற்றைப் பார்த்து, 'ஐயோ, வாடுதே' என்று மனம் கேளாமல், அடுத்த குடில்காரர்கள் நாங்கள் நால்வரும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஆளுக்கொரு குவளை ஊற்றினோம். நாற்பதில் பதினேழு அழுகிப்போயின. திரும்பி வந்த தாங்கள் ஒரு சொல்லும் திட்டாமல், அழுகல் தொடங்கியிருந்த மற்றவற்றின் வேரை அரிந்து, கந்தகத்தூள் தடவி, உலர்த்தி, மறுபடி நட்டுப் பிழைக்கவைத்தீர்கள்.

கண்காணிப்பாளர் விசாரித்தபோது, "லீவுக்கு முன்னாடி நான்தான் சார் தண்ணி விட்டேன், அளவு தப்பிடுச்சு" என்றீர்கள். நாங்கள் அன்று பணி நிரந்தரமாகாதவர்கள். உண்மை வெளிவந்திருந்தால் மறுநாளே வீட்டுக்குப் போயிருப்போம். தங்களுக்கு வரவேண்டிய தலைமைத் தோட்டக்காரர் பதவி வேறொருவருக்குப் போனது. நாங்கள் கல்லுளிமங்கர்களாய்ப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்கமாக இருக்கிறது, அம்மா.

இன்று காலை கண்காணிப்பாளர் அறைக்குப் போய் இதற்கு மேலுள்ள வரிகளை அவரிடம் படித்துக் காட்டினோம். அவர் தங்கள் பணிப்பதிவேட்டை வரவழைத்து, 'கவனக்குறைவு' என்றிருந்த குறிப்பை அடித்து, எங்கள் நால்வரிடமும் கையொப்பம் வாங்கினார். போன பதவி திரும்பாது. பெயராவது மாசற்றுத் தங்களோடு வரட்டும்.

உடல்நலம் குன்றாமல், உள்ளம் குறையாமல், பேரக்குழந்தையின் குறும்பு கண்டு நூறாண்டு வாழ்க! இம்மடலைத் தங்கள் வீட்டு வாசலுக்கு நேரே மாட்டிவையுங்கள். வருவோர் போவோரெல்லாம் படிக்கட்டும்.

இப்படிக்கு,
தண்ணீர் ஊற்றிய நால்வர்