கைபிடித்துக் கொண்டுபோ

லாம்பைத் தணி, சிறில். இன்னும் கொஞ்சம்... ஆ, காணும். வெளிச்சம் ஒழுங்கைக்குத் தெரிஞ்சால் இருட்டடிப்பு வார்டன் வந்து விசில் ஊதுவான். உள்ளுக்குப் படுத்திருக்கிற பிள்ளை எழும்பிவிடும். ஓம் ஹியூபேட், பிள்ளைதான். ஆற்ற பிள்ளை எண்டு பிறகு சொல்லுறன். கிட்ட வந்து இருங்கோ. வெளியில சைக்கிள் மணி கேட்டால் உடன சொல்லுங்கோ. நான் ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறன்.

நேரம் பின்னேரம் ஆறே முக்கால். இடம் வெள்ளவத்தை. காலி வீதியில இருந்து கடலுக்கு இறங்கிற ஒரு ஒழுங்கை. போன வருசம், சித்திரை மாசம். யப்பான்காரன் குண்டு போட்டு மூண்டு கிழமை. சனமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் ஓடிட்டுது. ஒழுங்கையில பதினாலு வீடு, அதில பன்ரெண்டு பூட்டு. ஒரு மனிசர் இல்லை. கடல் இரையிற சத்தம்... இடைக்கிடை தண்டவாளத்தில ரெயில். பிறகு திரும்பவும் கடல்.

கடைசி வீட்டில இருந்தவர் நாகேந்திரம். என்னோட கந்தோரில வேலை செய்யிற இராசரத்தினத்தைத் தெரியுந்தானே, அவன்ர அக்காவின்ர புருசன். இது இராசரத்தினம் எனக்குச் சொன்னது. லீவு எடுக்கிறதுக்கு அவன் ஆயிரம் பொய் சொல்லுவான், நான் மறுக்கேல்லை. ஆனால் இது லீவுக்குச் சொன்ன கதை இல்லை.

அக்கா ஜெகதீஸ்வரி குண்டு விழ ஒரு கிழமைக்கு முந்திச் செத்தவ. நெருப்புக் காய்ச்சல், பதினெட்டு நாள். கடைசியில கொத்தமல்லி அவிச்ச தண்ணி ஒண்டுதான் உள்ள இறங்கினது. வீடு முழுக்க அந்த மணம். நல்ல தையல்காரி. முன்னறையில கால்மெசின் வைச்சு, ஒழுங்கை முழுக்கத் தைச்சுக் குடுப்பா. காய்ச்சல் வரேக்க ஒரே மகள் அருந்ததிக்குச் சட்டை ஒண்டு தைச்சுக்கொண்டிருந்தவ. அஞ்சாவது பிறந்தநாளுக்கு, மஞ்சள் பொப்ளினில. ஒரு கை பொருத்தியாச்சு. மற்றக் கை பொருத்த முந்திப் படுத்தவ, எழும்பேல்லை. சட்டை மெசினிலயே கிடந்தது, ஊசி குத்தினபடி. நாகேந்திரம் அதுக்கு மேல ஒரு துவாயைப் போட்டு மூடிவிட்டார்.

ஹியூபேட், உங்கட ஆக்கள் செத்தவைக்குப் பூசை வைப்பியள். எங்கட ஆக்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அண்டைக்குப் பின்னேரம் கல்வெட்டுப் பாடுறது. கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, அச்சடிச்ச சின்னப் புத்தகம். ஒரு புலவரைப் பிடிச்சு, செத்தவவைப் பற்றிப் பாட்டு எழுதுவிக்கிறது. கணவன் புலம்பல், சகோதரன் புலம்பல், பிள்ளை புலம்பல் எண்டு ஒவ்வொருத்தரும் அழுகிற மாதிரிப் புலவரே எழுதித் தருவார். அதைச் சபையில ராகம் போட்டுப் படிக்கேக்க, கடைசி அடியை இருக்கிற ஆக்கள் திருப்பிச் சொல்லவேணும்.

சபை எங்க? சனம் ஓடிட்டுதே. அண்டைக்கு அந்த முன்னறையில இருந்தது அஞ்சு பேர். நாகேந்திரம், இராசரத்தினம், பிள்ளை அருந்ததி, புலவர். அஞ்சாவது ஆள் மரியகொறற்றி. எங்கட இந்தக் கொட்டாஞ்சேனைச் சந்தியில இருந்தவதான், உங்களுக்குத் தெரியும். பிள்ளையைப் பார்க்கப் போய் நிண்டவ. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. ஒரு குத்துவிளக்கு, ஒரு படம், ஒரு மாலை. மூலையில துவாய் போட்ட மெசின்.

புலவருக்கு எட்டு மணி ரெயிலைப் பிடிக்கிற அவசரம். மூக்கால படிச்சுத் தள்ளினார். கணவன் புலம்பல் வந்தது. "என்னையும் உன்னோடு கொண்டுபோ" எண்டு அதில ஒரு அடி. நாகேந்திரம் நெஞ்சில அடிச்சு அழுது அதைத் திருப்பிச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, மனிசன் அவவில உயிரையே வைச்சிருந்தவர்.

பிறகு பிள்ளை புலம்பல்.

பாலூட்டித் தாலாட்டிப் பக்கத்தில் கண்வளர்த்தாய்
ஆலிலைபோல் நான்நடுங்க அகன்றதென்ன என்தாயே
வேலியிலே நின்றழுதேன் விளக்கேற்றும் நேரத்தில்
காலடிக்குக் காத்திருப்பேன் கைபிடித்துக் கொண்டுபோ

வெள்ளவத்தையில ஏது வேலி? எதுகைக்கு வேணும், போட்டிட்டார். அதை விடுங்கோ. புலவர் பிள்ளையைப் பார்த்துச் சொன்னாராம், "இது உம்மட பாட்டு, கடைசி அடியை நீர்தான் சொல்லவேணும்" எண்டு. பிள்ளைக்கு என்ன விளங்கும்? பள்ளிக்கூடத்தில சொல்லுற மாதிரி நிமிர்ந்து நிண்டு, தெளிவாச் சொல்லிச்சுது... மூண்டு தரம். காலடிக்குக் காத்திருப்பேன், கைபிடித்துக் கொண்டுபோ.

மரியகொறற்றி பதறிப்போய்ப் பிள்ளையின்ர வாயைப் பொத்தினவ.

"ஐயோ புலவர், செத்தவவிட்டப் பிள்ளை இப்பிடிக் கேக்கலாமோ?"

"அது பாட்டு, தங்கச்சி. எல்லாக் கல்வெட்டிலயும் வாறதுதான்" எண்டு புலவர் சிரிச்சார்.

அவர் சிரிச்சு வாய் மூடேல்லை... மூலையில, துவாய்க்குக் கீழ...

டக்.

ஒரு தையல். ஒண்டே ஒண்டு.

எலி எண்டார் புலவர். எண்டுட்டுச் செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு ரெயிலுக்கு ஓடினார். ஆளை அதுக்குப் பிறகு கொழும்பில கண்டவர் இல்லை.

அடுத்த நாள் பின்னேரம். அதே ஆறே முக்கால், விளக்கேத்திற நேரம். மரியகொறற்றி குசினியில நிண்டவ. கொத்தமல்லி அவிச்ச மணம் வந்ததாம். அடுப்பில ஒண்டும் இல்லை. அடுப்பு மூட்டவேயில்லை. அப்ப முன்னறையில மெசின்... கடக்... கடக்... கடகடகடகட. ஓடிப்போய்ப் பார்த்தா, மெசின் நிண்டிட்டுது. சில்லு மட்டும் மெல்லச் சுத்திக்கொண்டு நிக்குது. பிள்ளை மெசினுக்குப் பக்கத்தில, ரண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிண்டுதாம்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"அம்மா அளவெடுத்தவ. அசையாமல் நிக்கச் சொன்னவ. இஞ்சிரேப் நாடா குளிருது அன்ரி."

மஞ்சள் சட்டைக்கு மற்றக் கையும் பொருத்தியாச்சு.

அண்டைக்கு ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் துவங்கினது.

நாகேந்திரம் முதல்ல நம்பேல்லை. மரியகொறற்றிதான் தைச்சிட்டுக் கதை விடுறா எண்டு கத்தினார். அவ சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினா. அடுத்த நாள் அவரே வாசல்ல கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். ஆறே முக்காலுக்கு அவற்ற கண்ணுக்கு முன்னால மெசின் மிதி இறங்கி ஏறினது... கால் இல்லை. துணி தானா ஊசிக்குக் கீழ நகர்ந்தது. கழுத்துக்கு லேஸ் வைச்சு முடிஞ்சுது. ஆளைக் காணேல்லை, ஆனால் நூலைக் கடிச்ச சத்தம் கேட்டது. ஜெகதீஸ்வரி கத்தரிக்கோல் தேடமாட்டா, எப்பவும் பல்லாலதான் நூல் அறுப்பா.

இன்னும் பாக்கி கீழ்விளிம்பு மடிச்சுத் தைக்கிறது மட்டும். காய்ச்சலில பிள்ளை பிதற்றுது. "நாளைக்குச் சட்டை முடிஞ்சிடும் அப்பா. போட்டுக்கொண்டு அம்மாவோட போறன்."

இராசரத்தினம் சட்டையை எரிப்பம் எண்டான். நாகேந்திரம் விடேல்லை. எரிச்சால் அவ வேற துணி எடுப்பா. கேட்டது கேட்டதுதான் எண்டார். அவர் ஒண்டு சொன்னாராம்.

"அவ கெடுதி செய்ய வரேல்லைத் தம்பி. பிள்ளை கூப்பிட்டிது, வாறா. நாங்கள் சபை வைச்சுத்தானே கூப்பிட்டனாங்கள்."

சபை வைச்சுக் கேட்டதைச் சபை வைச்சுத்தான் மாத்தவேணும் எண்டு அவர் முடிவெடுத்தார். அடுத்த பின்னேரம் திரும்பவும் விளக்கு, படம், மாலை. பிள்ளை பாயில, அனலாக் கொதிக்குது. மரியகொறற்றி செபமாலையோட. புலவர் இல்லை. நாகேந்திரமே எழுதினார். கந்தோரில இங்கிலீசில பைல் எழுதிற மனிசன், தமிழ்ப் பாட்டுக்கு எங்க போறது? எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. ஒரு துண்டுக் கடுதாசியில மூண்டு வரி.

ஆறே முக்கால். கொத்தமல்லி மணம் வந்தது. மிதி இறங்கினது. கடக்... கடக்... விளிம்பு மடிஞ்சுகொண்டு போகுது. நாகேந்திரம் எழும்பி நிண்டு வாசிச்சார்.

"ஈஸ்வரி, பிள்ளை தெரியாமல் கேட்டிட்டுது. அதை விட்டிடும்."

மெசின் நிக்கேல்லை.

மூண்டாவது வரி வாயால வரமாட்டன் எண்டிட்டுது. மூண்டு நாளைக்கு முந்திப் புலவற்ற பாட்டில நெஞ்சில அடிச்சு அடிச்சுச் சொன்ன அதே சொல். இப்ப மனிசன் வேர்த்து ஊத்துறார். பயம். அதில என்ன வெக்கம்? நானெண்டாலும் பயந்திருப்பன். கடகடகட... விளிம்பு முக்கால்வாசி முடிஞ்சுது. பாயில பிள்ளை மெல்லக் கையை நீட்டிச்சுது, ஆரோ பிடிக்க வாற மாதிரி.

"நான் வாறன்!" எண்டு கத்தினார். "எனக்குத் தையும். நான் வாறன், ஈஸ்வரி!"

மெசின் நிண்டுது.

இராசரத்தினமும் மரியகொறற்றியும் அதைத் திருப்பிச் சொல்லவேணும். சபை எண்டால் அதுதானே முறை. அவன் தன்ர வாயாலயே சொன்னவன், அத்தானைக் கொண்டுபோ எண்டு. அதைச் சொல்லித்தான் என்னட்ட அழுதவன்.

விடிய பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுது. மஞ்சள் சட்டை மெசினுக்குப் பக்கத்தில மடிச்சு வைச்சபடி... தையல் முழுக்கப் பிரிச்சுக் கிடந்தது. கை வேற, கழுத்து வேற. பிரிச்ச நூல் கட்டையில ஒழுங்காச் சுத்தியிருந்தது. மெசின் ஊசிக்குக் கீழ வேற துணி. அந்தியேட்டிக்கு வாங்கினதில மிஞ்சின வெள்ளை லோங்குளோத். வெட்டியிருந்தது ஆம்பிளையின்ர சேட்டு. நாகேந்திரம் முதுகில வைச்சுப் பார்த்தார். அளவு சரி.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசையும் விளக்கேத்திற நேரம் கொஞ்சம் கொஞ்சமாத் தைச்சுது. ஒரு மாசம் கொலர். ஒரு மாசம் இடக்கை. அடுத்தது வலக்கை. பிறகு பொக்கற். அவர் வேலைக்குப் போனார், வந்தார், பிள்ளைக்குச் சீப்பால தலை இழுத்துவிட்டார். வீட்டை விட்டுப் போவம் எண்டு மரியகொறற்றி கெஞ்சினா. அவருக்குப் பயம், தான் தப்பி ஓடினால் அவ பிள்ளையிட்டத் திரும்புவா எண்டு. அப்பிடியே இருந்தார். இராவில நித்திரை இல்லாமல் அந்தச் சேட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். சேட்டுக்கு அஞ்சு பொத்தான். கார்த்திகையில முதல் பொத்தான் வந்தது. பிறகு அமாவாசைக்கு ஒண்டு. போன மாசத்தோட நாலு.

என்ன சிறில்? ஓம், இண்டைக்கு அமாவாசை. அதுதான் வெளியில இந்த இருட்டு.

இண்டைக்கு எட்டு மணிபோலக் கதவு தட்டினது. திறந்தன். நாகேந்திரம், தோளில பிள்ளை நித்திரை. "இஞ்ச கொஞ்சம் படுக்கட்டும்" எண்டார். என்ர மனிசி பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ள போனவ. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டன்.

"இல்லை, நேரமாச்சு. அவ பார்த்துக்கொண்டிருப்பா" எண்டார்.

படியால இறங்கி ஒழுங்கையில போனார்... நடை தெரிஞ்சுது, செருப்புச் சத்தம் கேக்கேல்லை. உடன இராசரத்தினத்துக்கு ஆள் அனுப்பினன். அவன் சைக்கிளில வெள்ளவத்தைக்குப் போயிருக்கிறான். இப்ப மணி பத்தரை. அதுதான் உங்களை வீட்டுக்குப் போகவிடாமல் பிடிச்சு வைச்சிருக்கிறன். தனிய இருக்க எனக்கு ஏலாது.

அவர் பிள்ளையை நீட்டேக்க லாம்பு வெளிச்சம் நெஞ்சில பட்டது. புது வெள்ளைச் சேட்டு. கொத்தமல்லி மணத்தது. கழுத்துவரைக்கும் பூட்டியிருந்தார்... எண்ணினனான். அஞ்சு.